திருக்கோடிகாவும் பழங்கற்படியும்

காவிரித்தாய் கிளை பல பரப்பிக் கழனிகளை ஊட்டிச் செல்லும் சோழவளநாட்டில் ஊர்தோறும் கோயில் உண்டு; கோயில்தோறும் வரலாறும் உண்டு. எனினும் தன் வரலாற்றைத் தானே எடுத்துரைக்கும் பேறு எல்லாப் பதிகளுக்கும் வாய்த்திலது. செங்கல்லால் ஆகிய பழங்கோயில் கற்றளியாக மாறியபொழுதும், கற்றளி மீண்டும் பிரித்துக் கட்டப்பெற்றபொழுதும், முன்னோர் செய்த அறங்களைக் கூறும் எழுத்துக்கள் பல இடங்களில் அழிந்தொழிந்தன. அங்ஙனம் அழியாது காக்கப்பெற்ற பதிகளுள் தலையாயது, இன்று திருக்கோடிக்காவல் என வழங்கும் திருக்கோடிகா என்னும் சிற்றூராகும். அதன் வரலாறு, திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர் ஒவ்வொருவரும் அறிந்து மனங்கொள்ளத்தக்கது.

தலத்தின் இயல்பு

தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூர் வட்டத்தில், காவிரியின் வடகரையில், கஞ்சனூருக்கு அணித்தாக இவ்வூர் அமைந்துளது. வடகரைத் தலங்கள் அறுபத்து மூன்றனுள் இது முப்பத்தேழாவதாக எண்ணப்பெறும். இதற்கு முன்னதாக எண்ணப்பெறுவது அரதத்த சிவாசாரியார் வாழ்ந்த கஞ்சனூர். பின்னதாக எண்ணப்பெறுவது திருமங்கலக்குடி. ஆற்றுக்குத் தென்பால் தென்குரங்காடுதுறை என்னும் ஆடுதுறை உளது. இங்ஙனம் திருப்பதிகள் நெருங்கி நிற்கும் நாட்டின் நடுவே வயலும் வாழையும் சூழ அமைதியாக விளங்குவது கோடிகா.

இறைவர் திருநாமம் கோடீசுவரர்; அம்மையின் திருநாமம் திரிபுரசுந்தரி. தலமரம் பிரம்பு. அதனால் வேத்திரவனம் என்னும் பெயரும், இறைவருக்கு வேத்திரவனேசுவரர் என்னும் பெயரும் உளவாயின. மூன்று கோடி மந்திர தேவதைகள் இங்கே வழிபட்டு வீடுபேறு எய்தினர் எனவும், அதனால் ஊர் இப்பெயர் பெற்றது எனவும் தலபுராணம் கூறும். யமபயம் நீக்கும் பதி என்பதும் தொன்றுதொட்டு வரும் மரபு.

திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய திருப்பதிகம் ஒன்றும், திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய திருப்பதிகங்கள் மூன்றும் இத்தலத்துக்கு உண்டு. நாவரசர் இவ்வூரை மும்முறை பாடினார் என்பதொன்றே இதன் பெருமைக்குச் சான்று. ஆளுடைய பிள்ளையாரோ, இன்று நாளை என்று நாளைக் கழித்து ஏமாறும் மாந்தரை நோக்கி, காலந்தாழ்த்தாது கோடிகாவைச் சென்றடையுமாறு அறிவுறுத்துகின்றார். நிலையாமையைச் சுட்டிய அவ்வருள்வாக்கு இவ்வூரின் கற்களுக்கும் பொருந்துவதாயிற்று என்பது மேலே விளங்கும்.

கல்லெழுத்தும் அறமும்

நால்வர் காலத்துக் கோயில்கள் பெரும்பாலும் மண்ணாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் எனக் கோயில் வகைகளை அப்பரடிகள் தம் திருத்தாண்டகத்தில் எண்ணிக் காட்டுகின்றார். கோடிகாவில் விளங்கிய பழங்கோயிலும் கற்றளியாக எடுக்கப்பெறாத கோயிலே. ஆயினும் அக்கோயிலுக்கு அன்பர் வழங்கிய கொடைகள் கற்களில் எழுதி வைக்கப்பெற்றிருந்தன.

அக்காலத்து ஓர் அறக்கட்டளை எங்ஙனம் நடைபெற்றது என்பதை அறிந்தாலன்றி அவ்வெழுத்தின் மதிப்பு விளங்காது. ஒருவர் திருநந்தா விளக்கு ஒன்று வைக்க விரும்பின் பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுப்பர். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளப்பர். ஆடுகள் மூப்பெய்தி இறப்பினும், ஈன்ற குட்டிகளால் அத்தொகை குறையாமல் காக்கப்பெற வேண்டும். அதனால் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவை பெயர் பெற்றன. ஆடு கொடாது பொன் கொடுப்பாரும் உளர். ஊர்ச்சபையார் அப்பொன்னைக் கைக்கொண்டு, அதன் பலிசையால், அஃதாவது வட்டியால், விளக்கெரிக்கவோ அமுது படைக்கவோ உடன்படுவர். சந்திரனும் சூரியனும் உள்ளளவும் இவ்வறம் நடைபெறுக என்று கல்லில் வெட்டுவர்.

ஆகவே அக்கல் புகழுக்காக நாட்டிய கல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அஃது ஓர் உடன்படிக்கை. கொடுத்தவர் மறைந்துவிடுவர், வாங்கியவரும் மறைந்துவிடுவர். பேரன்மார் காலத்தில் நெய்யளப்பார் இல்லையாயின், ‘இன்னார் இன்னது கொடுத்தார், இன்னார் இதனைச் செய்யக் கடவர்’ என்று எழுந்து நின்று சான்று கூறுவது அக்கல் ஒன்றேயாம். கல் அழிந்தால் சான்று அழியும். சான்று அழிந்தால் விளக்கும் அணையும்.

பல்லவ தேவியின் கொடை

கோடிகாவின் பழங்கற்கள் எடுத்துரைத்த அறங்களுள் மிகச் சிறந்தது பல்லவ அரசி ஒருவருடையது. தெள்ளாறெறிந்த நந்திவர்மருடைய மைந்தரும், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டவருமான நிருபதுங்கவர்மரின் தேவி வீரமகாதேவியார் என்பார், இரணியகர்ப்பம், துலாபாரம் என்னும் பெருந்தானங்களைச் செய்து, அப்பொன்னில் ஒரு பகுதியைத் திருக்கோடிகா மகாதேவருக்கு வழங்கினார். துலாபாரமாவது தம் எடைக்கு எடை பொன் நிறுத்து வழங்குதல். இரணியகர்ப்பமாவது பொன்னால் ஆகிய கலத்தினுட் புகுந்து, புதுப்பிறவி எய்தியவராக வெளிப்போந்து, அப்பொன்னைத் தானம் செய்தல்.

காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட ஒரு பேரரசின் தேவி, காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில் உறையும் பெருமானை நினைந்து பொன் ஈந்த செய்தி நெஞ்சை நெகிழ்விப்பது. அரண்மனையில் அத்தேவி வாழ்ந்த நாட்களைப் பற்றிக் காவியம் எழுவில்லை. அவர்தம் பக்தியைக் கோடிகாவின் கல் உரைக்கின்றது.

அரசு மாறியது

வீரமகாதேவியாரின் வாழ்நாளைச் சூழ்ந்த காலம் தமிழ்நாட்டின் ஆட்சி பெரிதும் மாறிய காலமாகும். ஒன்பதாம் நூற்றாண்டின் இடையில் விசயாலய சோழர் தஞ்சையைக் கைப்பற்றினார். குடமூக்குக்கு அணித்தான திருப்புறம்பியத்தில் நிகழ்ந்த பெரும்போர், பல்லவர் பாண்டியர் ஆகிய இருவர் வலியையும் குன்றச் செய்து சோழர் எழுச்சிக்கு வழி வகுத்தது. ஆதித்த சோழர் தொண்டை நாட்டையும் தம் ஆட்சிக்கு உட்படுத்தினார். அவர் மைந்தர் முதற் பராந்தகர் 907 முதல் 955 வரை ஆண்டார். காவிரிக் கரையில் பல்லவர் பெயர் பழங்கதையாயிற்று.

வென்ற அரசர் தோற்ற அரசரின் சாசனங்களைப் பொருட்படுத்துதல் உலகியலில் அரிது. பல்லவர் பெயரால் ஆண்டு குறித்த கல்லைச் சோழர் நாட்டில் எவர் போற்றுவர் என்று எண்ணத் தோன்றும். அதனைப் போற்றியவர் சோழர் குலத்துப் புகுந்த பெருமாட்டி ஒருவரே.

செம்பியன் மாதேவியார்

மழவர் குடியில் தோன்றிய செம்பியன் மாதேவியார், பராந்தகரின் மைந்தராகிய கண்டராதித்த சோழருக்குத் தேவியாயினார். கண்டராதித்தர் வாளேந்திய அரசரெனினும் சிவஞானச் செல்வர். தில்லைப் பெருமான்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையுள் வைத்துப் போற்றப்பெறுகின்றது. கல்வெட்டுக்கள் அவரை ‘மேற்கெழுந்தருளின தேவர்’ எனக் குறிக்கும்.

கண்டராதித்தர் சிவபதம் எய்திய காலத்து அவர்தம் மைந்தர் உத்தம சோழர் இளங்குழவி. முடி கண்டராதித்தருடைய தம்பியார் அரிஞ்சயருக்கும், பின்னர் அவர் மைந்தர் சுந்தர சோழருக்கும் சென்றது. இளமையிலேயே கணவரை இழந்து, மைந்தருக்குரிய அரசும் பிறர்பாற் செல்லக் கண்ட ஒரு தாயின் உள்ளம் எவ்வளவோ கலங்கியிருத்தல் கூடும். அம்மையார் அக்கலக்கத்தைச் சிவத்தொண்டாக மாற்றினார். 941 ஆம் ஆண்டிலிருந்து 1001 ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், அவர்தம் அறங்கள் கல்வெட்டுக்களில் தொடர்ந்து காணப்பெறுகின்றன. பராந்தகர் காலத்தில் தொடங்கிய அத்தொண்டு இராசராசர் காலம் வரை இடையறாது நிகழ்ந்தது. 970 முதல் 985 வரை உத்தம சோழர் அரியணையில் வீற்றிருந்தபோது, ‘உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த பிராட்டியார்’ என்று அம்மையார் போற்றப்பெற்றார்.

செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றுதல் அம்மையாரின் பெருந்தொண்டு. கோனேரிராசபுரம் என வழங்கும் திருநல்லத்தில், கணவர் திருப்பெயரால் கற்றளி எடுத்து, அவர் சிவலிங்கப் பெருமானை வழிபடும் வடிவத்தையும் கல்லில் அமைத்தார். ஆடுதுறை, திருவாரூர் அரநெறி, திருமுதுகுன்றம், திருத்துருத்தி, திருவக்கரை ஆகிய பதிகளிலும் அவர் திருப்பணி விளங்குகின்றது. தில்லைக் கூத்தரின் திருவுருவைக் கருவறையின் முன்மண்டபச் சுவர் மாடத்தில் கல்லில் அமைப்பது அவர் எடுத்த கோயில்களின் சிறப்பாகும். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது திருக்கோடிகா.

இடர்ப்பாடும் தீர்வும்

கோடிகாவின் பழங்கோயிலைப் பிரித்துக் கற்றளி எடுக்கத் தொடங்கியபோது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. முன்னோர் கொடைகளைக் கூறும் கற்கள் பழைய கட்டடத்தைச் சார்ந்தவை. புதுக்கோயிலின் அமைப்பில் அவற்றுக்கு இடமில்லை. அவற்றை அகற்றாமல் விமானம் எழாது. அகற்றினாலோ முன்னோர் அறங்கள் சான்றின்றிப் போகும்.

இன்றும் திருப்பணி தோறும் எழுவது இவ்விடர்ப்பாடே. பெருமானுக்குப் புதுக்கோயில் எடுக்கும் ஆர்வத்தில், பழையதை எடுத்தெறிதல் எளிது. அதனைக் குற்றமென்று எவரும் கூறவும் மாட்டார். மேலும் அக்கற்களிற் பலவற்றில் இருந்தவை முன்னாளைய அரசரின் ஆண்டுக் கணக்கும், எப்போதோ மறைந்த எளிய மாந்தரின் பெயர்களும். தம் பெயரைப் புதுச்சுவர் முழுதும் பொறிக்க அரசமாதேவியாருக்குத் தடையொன்றும் இருந்திலது.

அம்மையார் வேறு வழி கண்டார். பழங்கற்களில் இருந்த எழுத்துக்களைப் படித்து, அவற்றைப் புதிய கற்றளியின் சுவரில் மீண்டும் வெட்டுமாறு பணித்தார். அங்ஙனம் வெட்டிய சாசனங்களில், அவை புதியன அல்ல, பழங்கல்லில் கண்டவற்றின் படி என்பது தெளிவாகக் குறிக்கப்பெற்றது. ‘பழங்கற்படி’ என்னும் அழகிய சொல் அங்கே ஆளப்பெற்றுளது. எழுத்துக்களைப் படியெடுத்த பின்னரே பழங்கற்கள் கழிக்கப்பெற்றன. இவ்வாறு பல்லவர் காலத்தனவும் முற்காலச் சோழர் காலத்தனவுமான சாசனங்கள் பல, பத்தாம் நூற்றாண்டின் எழுத்தமைதியில், ஒரே சுவரில் அடுத்தடுத்து நிற்கின்றன. வீரமகாதேவியாரின் கொடையும் அவற்றுள் ஒன்று. பல்லவ தேவியின் அறத்தைச் சோழ தேவி காத்தார்.

இதில் மூன்று பண்புகள் விளங்குகின்றன. முதலாவது நடுநிலை: கொடுத்தவர் எக்குலத்து அரசர் என்று பாராது அறத்தை அறமென்றே மதித்தல். இரண்டாவது உண்மை: படியைப் படியென்றே கூறுதல், பழையதைப் புதியதாகவோ புதியதைப் பழையதாகவோ காட்டாமை. மூன்றாவது அடக்கம்: தமக்கு முன் தொண்டு செய்தாரின் பெயரைத் தம் பெயருக்கு அருகிலேயே நிலைபெறச் செய்தல்.

மூலக் கற்கள் கழிக்கப்பெற்றமையால் பல்லவர் காலத்து எழுத்தின் உருவம் இன்று காணக் கிடைக்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் படியெடுக்கும் பொறிகள் இல்லாத அந்நாளில், ஒவ்வொரு எழுத்தையும் உளியால் மீண்டும் செதுக்கிய உழைப்பை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது.

செல்லும் சுவடியும்

தேவாரத் திருமுறைகளின் வரலாறும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. தில்லையில் காப்பிட்டு வைத்திருந்த ஏடுகளைச் செல் அரித்தமையும், நம்பியாண்டார் நம்பிகள் எஞ்சியவற்றை எடுத்து முறைப்படுத்தியமையும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவர் பண்ணடைவை உணர்த்தியமையும் திருமுறைகண்ட புராணத்தால் அறியப்படும். மறைந்து அடைபட்டுக் கிடந்த ஏட்டில் பெரும்பகுதி மண்ணாயிற்று. படியெடுத்து வழங்கிய பகுதி நாடெங்கும் ஓதப்பெறுகின்றது. பூட்டி வைப்பதொன்றே பாதுகாப்பு ஆகாது. படியெடுப்பதும் பயில்வதும் சேர்ந்ததே பாதுகாப்பு என்பதை ஏடும் கல்லும் ஒருங்கே உணர்த்துகின்றன.

பிற்கால விளக்கம்

அதன்பின் பல நூற்றாண்டுகள் கழிந்தன. சோழர் மறைந்தனர், நாயக்கரும் மராட்டியரும் தஞ்சையை ஆண்டனர். கோடிகாவுக்கு அணித்தான காவிரிக் கரையில், லலிதா சகசிரநாமத்துக்குப் பேருரை வகுத்த பாற்கரராயர் வாழ்ந்த பாற்கரராசபுரம் தஞ்சை மராட்டியர் காலத்தில் உண்டாயிற்று. கோடிகா இசையாலும் புகழ் பெற்றது. வில்லிசைக் கருவியாகிய பிடிலில் இணையற்ற புலமை வாய்ந்த திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயர் (1857–1913) இவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து விளக்கினார். அவருடைய மருகரும் இசையுலகில் நெடுங்காலம் கோலோச்சியவருமான செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908 ஆம் ஆண்டில் பிறந்ததும் இவ்வூரிலேயே.

சுவரிலிருந்த எழுத்துக்கள் இவ்வளவு காலமும் காத்திருந்தன. கல்வெட்டுத் துறையினர் 1930–31 இல் இவற்றைப் படியெடுத்தனர். கல்லைத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளங்களிற் படியச் செய்து, மேலே மையொற்றி எடுப்பது அம்முறை. பள்ளமான எழுத்து வெண்மையாகவும் சுற்றிலும் கருமையாகவும் தோன்றும். செம்பியன் மாதேவியார் கல்லினின்று கல்லுக்கு எடுத்த படி, ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்குப் பின் கல்லினின்று தாளுக்கு எடுக்கப்பெற்றது. பல்லவர் இறுதிக் காலத்தையும் சோழர் எழுச்சியையும் ஆராய்ந்த அறிஞர்களுக்கு இச்சிற்றூரின் சுவர் ஒரு சுவடிச்சாலையாகப் பயன்பட்டது.

திருப்பணியாளர் கடமை

கோடிகாவின் வரலாறு குடமுழுக்குக் காணும் ஒவ்வொரு கோயிலார்க்கும் ஒரு பாடமாகும். சுவர் அழகு பெற வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் எழுத்துள்ள கல்லின்மேல் சுண்ணமும் வண்ணமும் பூசப்படுகின்றன. தரையைப் புதுப்பிக்கும்போது அதிட்டானத்தின் எழுத்து வரிகள் தளக்கற்களுக்கும் வழுவழுப்பான ஓடுகளுக்கும் அடியில் மறைகின்றன. மணலைக் காற்றின் விசையால் வீசிக் கல்லைத் தூய்மை செய்வதால் எழுத்தின் விளிம்பு தேய்கின்றது. பிரித்தெடுத்த கற்கள் எண்ணிடப்பெறாமையால் முன்பின் மாறி, ஒரு சாசனத்தின் தலை ஓரிடத்தும் கால் ஓரிடத்தும் கிடக்கின்றன. இவையெல்லாம் பகைமையால் நேர்வன அல்ல. அறியாமையாலும் விரைவாலும் நேர்வன. ஆதலின் அறிவுறுத்தலே போதியது.

திருப்பணி தொடங்குமுன் கோயிலிலுள்ள எழுத்துக்கள் அனைத்தையும் துறை வல்லாரைக் கொண்டு படியெடுப்பித்தல் வேண்டும். கற்களைப் பிரிக்க நேரின், ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, நிழற்படம் எடுத்து, மீண்டும் அதே முறையில் அடுக்குதல் வேண்டும். எழுத்துள்ள கல் இடம் பெறாவிடின், அதனைப் படித்துறைக்கோ வாயிற்படிக்கோ அனுப்பாது, திருச்சுற்றில் நட்டுக் காத்தல் வேண்டும். புதிய கொடையாளரின் பெயர்களைப் பழைய எழுத்தின்மேல் வெட்டாது தனிக் கல்லில் பொறித்தல் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு திருப்பணிச் செலவில் சிறு கூறேயாம். பயனோ அளவிறந்தது.

இன்று பொருள் வழங்கும் அன்பர், தம் பெயர் கல்லில் நிலைக்க வேண்டும் என்று விழைதல் இயல்பு, அது குற்றமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விளக்குக்கு ஆடு கொடுத்த அடியாரும் அங்ஙனமே விழைந்தார். அவர் பெயரை இன்றையோர் காத்தால், இன்றையோர் பெயரை நாளையோர் காப்பர். அவர் பெயரை இன்றையோர் அழித்தால், நாளைய திருப்பணியில் இன்றைய பெயருக்கும் அதுவே கதி.

நாளை செய்வோம் என்று நாள் கடத்தாதீர் என்பது கோடிகாவில் காழிப்பிள்ளையார் அருளிய அறிவுரை. உயிர்க்கு உரைத்த அவ்வுரையைக் கல்லெழுத்துக்கும் கொள்ளுதல் தகும். உதிரும் கல்லும் ஒருநாளும் காத்திராது. வீரமகாதேவியாரின் பொன் செலவாயிற்று; பல்லவரின் கோட்டை தரைமட்டமாயிற்று; செம்பியன் மாதேவியாரும் சிவபெருமான் திருவடி நிழல் எய்தினார். கோடீசுவரர் திருமுன்னர் விளக்கு எரிந்ததென்று உரைக்கும் வரிகள் இன்றும் சுவரில் உள்ளன. அவ்வரிகளைக் காத்த பெருமாட்டியின் உள்ளம் திருப்பணி செய்வார் அனைவர்க்கும் வாய்ப்பதாகுக. சிவநெறி தழைக்க, முன்னோர் செய்த அறங்கள் நின்று நிலவுக.

திருச்சிற்றம்பலம்